மாநிலச் சட்டத்தைப் படிப்பது எப்படி: வரையறைகளும் பொருள்கொள்ளும் விதிகளும்

சொத்துவரிக் கேட்பு அறிவிப்பு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கட்டணம், நில உச்சவரம்பு விசாரணை, ஊராட்சியின் கட்டட அனுமதி என்று ஏதேனும் ஒரு வழியில் மாநிலச் சட்டம் கொங்கு நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்கிறது. வந்த காகிதத்தில் ஒரு பிரிவு எண் இருக்கும். நாமும் அந்தப் பிரிவை மட்டும் எடுத்துப் படித்து, அதிலுள்ள சொற்களுக்கு நம் ஊர்வழக்கில் என்ன பொருளோ அதையே சட்டத்தின் பொருளாகவும் கொண்டு, மனு எழுதத் தொடங்கிவிடுகிறோம். நியாயமான கோரிக்கைகள்கூட வலுவிழந்துபோவது இந்த இடத்தில்தான். சட்டம் தன் சொற்களுக்குப் பெரும்பாலும் தானே பொருள் சொல்கிறது. தான் சொல்லாத இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் ஓர் ஏற்பாடு வகுத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை அறிந்துகொண்டால், வழக்கறிஞர் அல்லாதவரும் ஒரு பிரிவைப் பிழையின்றிப் படிக்க முடியும். எதிரே அமர்ந்திருக்கும் அலுவலரிடம் சமமாக நின்று பேசவும் முடியும்.

படிக்க வேண்டிய வரிசை இதுதான். முதலில், நம் விவகாரம் நடந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டம் எது, அதன் வாசகம் எது என்று உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவதாக, அந்தச் சட்டத்தின் தொடக்கத்தில் உள்ள வரையறைப் பிரிவைப் படிக்க வேண்டும். அங்கே சொல் வரையறுக்கப்படவில்லை என்றால், எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான பொருளகராதியாக இயற்றப்பட்டுள்ள பொது உட்பிரிவுகள் சட்டத்தை எடுக்க வேண்டும். வழக்கறிஞர்கள் பேச்சில் இதுவே ஜெனரல் கிளாசஸ் ஆக்ட். அங்கும் இல்லையென்றால்தான் சொல்லின் வழக்குப் பொருளுக்கு வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வழக்குப் பொருளில் தொடங்கி மேலே ஏற முயல்வதே மிகப் பரவலான பிழை.

சட்டத்தின் பெயரும் அது நடைமுறைக்கு வந்த நாளும்

சட்டத்தின் பெயரில் உள்ள ஆண்டைப் பார்த்து அது அந்த ஆண்டிலிருந்தே நடைமுறையில் இருப்பதாக முடிவுசெய்யக் கூடாது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயரில் 1998 இருக்கிறது; ஆனால் அது 1999-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டமாக எண்ணிடப்பட்டது; 2000-ஆம் ஆண்டில் அதன் செயற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது; 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 முதல்தான் அது நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் உண்மையில் ஆளத் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் வரை கோவையில் சொத்துவரி விதிப்புக்கு அடிப்படையாக இருந்தது கோயம்புத்தூர் மாநகராட்சிச் சட்டம், 1981. ஆகவே 2022-ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட ஒரு வரி உத்தரவை எதிர்ப்பவர் இன்றைய சட்டத்தின் பிரிவைக் காட்டி வாதாடினால், தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறார்.

சில சட்டங்களில் நடைமுறை நாளே வரையறையாக எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாடு நிலச் சீர்திருத்த (நில உச்சவரம்பு நிர்ணய) சட்டம் 1961-ஆம் ஆண்டின் 58-ஆவது சட்டம். ஆனால் அதில் ‘இச்சட்டத்தின் தொடக்க நாள்’ என்ற சொற்றொடர் 1960 ஏப்ரல் 6-ஐக் குறிக்கும். உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் வகையையும் தீர்வையையும் வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டதற்கான நாள் 1970 பிப்ரவரி 15. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இந்த நாள்களுக்கு முன்பு எழுதப்பட்டதா, பின்பு எழுதப்பட்டதா என்பதை வைத்தே பல விசாரணைகளின் முடிவு அமைந்தது. சட்டம் அரசிதழில் வெளியான நாளை மட்டும் பார்த்துவிட்டு இந்த நாள்களைப் பார்க்காமல் விட்டவருக்கு, மற்ற எல்லாப் பிரிவுகளையும் சரியாகப் படித்திருந்தாலும் பயன் இருக்காது.

பழைய சட்டங்களின் பெயர்களைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனபின், ‘மெட்ராஸ்’ என்று தொடங்கிய மாநிலச் சட்டங்களின் பெயர்கள் தழுவல் ஆணை வழியாகத் ‘தமிழ்நாடு’ என்று மாற்றப்பட்டன. பழைய பத்திரத்திலோ தீர்ப்பிலோ மெட்ராஸ் சட்டம் என்று இருந்தால், அதே எண்ணும் ஆண்டும் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டத்தைத் தேடினால் போதும்.

தமிழில் வெளியான வாசகத்தையும் ஆங்கில வாசகத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது உறுப்பின்படி, மாநில மொழியில் இயற்றப்பட்ட சட்டத்துக்கு ஆளுநரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பு அதிகாரபூர்வமான ஆங்கில வாசகமாகக் கருதப்படும். உயர் நீதிமன்றத்தில் வாதம் அந்த ஆங்கில வாசகத்தின் மீதே நடக்கும் என்பதால், தமிழ் வாசகத்தை மட்டும் நம்பி ஒரு காற்புள்ளியின் மேல் வாதத்தைக் கட்டிவிடக் கூடாது.

வரையறைப் பிரிவு: பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம்

பெரும்பாலான சட்டங்களில் இரண்டாவது அல்லது மூன்றாவது பிரிவு வரையறைப் பிரிவாக இருக்கும். அதன் முதல் வரி, ‘இடச்சூழல் வேறு பொருளை வேண்டினாலன்றி’ என்ற கருத்தில் தொடங்கும். பலரும் தாண்டிச் செல்லும் வரி இது. வரையறுக்கப்பட்ட சொல் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளிலும் அதே பொருளைத் தரும் என்பது பொது விதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட பிரிவில் அந்தப் பொருளை வைத்தால் பிரிவே பொருளற்றுப் போகும் என்றால், அங்கு மட்டும் வேறு பொருள் கொள்ளலாம் என்று அந்த வரி அனுமதிக்கிறது. அனுமதி குறுகியது, நமக்குச் சாதகமாக இல்லை என்பதற்காக வரையறையைத் தள்ளிவைக்க அது உதவாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, வரையறை எந்த வினையில் முடிகிறது என்பது. ‘என்பது இதைக் குறிக்கும்’ என்று முடிந்தால் வரையறை மூடியது. அங்கே சொன்னதற்கு வெளியே பொருள் தேட இடமில்லை. ‘இதையும் உள்ளடக்கும்’ என்று முடிந்தால் வரையறை திறந்தது. சொல்லின் இயல்பான பொருளும் இருக்கும், பட்டியலில் சொன்னவையும் அதனோடு சேரும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. 1933-ஆம் ஆண்டின் மெட்ராஸ் வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டத்தில், வணிகப் பயிர் என்பது பருத்தி, நிலக்கடலை அல்லது புகையிலையைக் குறிக்கும் என்று முதலில் மூடிவிட்டு, அரசிதழில் அரசு அறிவிக்கை செய்யும் வேறு பயிரையும் விளைபொருளையும் அது உள்ளடக்கும் என்று ஒரு வாசல் திறந்துவைக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936-இல் திருப்பூரில் பருத்திக்காகத் தொடங்கியது. பருத்தி வரையறையிலேயே இருந்தது. அதை வணிகப் பயிராக்கத் தனி அறிவிக்கை வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத ஒரு விளைபொருளுக்கோ அறிவிக்கை இல்லாமல் அந்தச் சட்டமே பொருந்தாது. இன்றுள்ள 1987-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்துதல் சட்டத்தின் கீழ் ஈரோட்டு மஞ்சள் வணிகரிடமோ பொள்ளாச்சித் தேங்காய் வணிகரிடமோ கட்டணம் கேட்கப்பட்டால், கட்டணம் நியாயமா என்று கேட்பதற்கு முன்பே, தன் பொருள் எந்த வாசல் வழியாகச் சட்டத்துக்குள் வந்தது, அதற்கான அறிவிக்கையின் நாள் என்ன என்று அவர் கேட்க வேண்டும்.

ஊர்வழக்கும் சட்ட வரையறையும் மோதும் இடங்கள் கொங்கு நாட்டில் நிறையவே உள்ளன. நாம் நிலத்தை வயல், தோட்டம், காடு என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் நமக்குத் தோட்டம், மானாவாரி நிலம் காடு. வருவாய்க் கணக்கிலோ நன்செய், புன்செய் என்ற பாகுபாடே அடிப்படை. சொந்தக் கிணற்றால் பாசனம் பெறும் தோட்டம் அங்கே புன்செய்தான். உச்சவரம்புச் சட்டத்தின் தர ஏக்கர் கணக்கோ, நிலத்தின் வகையையும் அதன் தீர்வை விகிதத்தையும் வைத்து அமைகிறது. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று பேச்சில் வழங்கும் இந்த அளவு, நில அளவையாளரின் சங்கிலி அளக்கும் ஏக்கர் அன்று. கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஓர் ஏக்கரும் காங்கேயத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நில) ஏக்கரும் தர ஏக்கரில் சமமாகா. அதே சட்டத்தில் ‘குடும்பம்’ என்ற சொல்லும் நம் பொருளில் வருவதில்லை. ஒரே வளவுக்குள் ஒரே அடுப்பில் உண்ணும் பெரியப்பா, சித்தப்பா வகையறாக்கள் எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் அடங்க மாட்டார்கள். கணவன், மனைவி, வயதுக்கு வராத மகன்கள், திருமணமாகாத மகள்கள் என்ற சிறிய வட்டமே அதன் நடுப்பகுதி. வயதுக்கு வந்த மகன் ஒரே வீட்டில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு.

திறந்த வரையறை எவ்வளவு தூரம் விரியும் என்பதைச் சிந்திக்க, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கான 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி ஜல்லிக்கட்டு என்பது, மரபையும் பண்பாட்டையும் பின்பற்றும் நோக்கத்தோடு, ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் மாநில அரசு அறிவிக்கை செய்யும் நாள்களிலும் இடங்களிலும் காளைகளைக் கொண்டு நடத்தப்படும் நிகழ்ச்சியைக் குறிக்கும். மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றையும் உள்ளடக்கும். இப்போது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் நம்மவர் உயிராய்க் கருதும் ரேக்ளா என்ற மாட்டுவண்டிப் பந்தயம் இந்த வரையறைக்குள் வருமா?

வரும் என்று வாதிடுபவர், வரையறையின் முதல் பாதி மிக விரிவானது என்பார். காளைகளைக் கொண்டு மரபின்படி நடக்கும் நிகழ்ச்சி என்றுதான் அது சொல்கிறது; ரேக்ளா அதற்கு முழுமையாகப் பொருந்துகிறது; பின்னால் வரும் மூன்று பெயர்கள் பொருளை விரிப்பதற்கே தவிரச் சுருக்குவதற்கு அல்ல. வராது என்று வாதிடுபவர் கையிலும் வலுவான கருவிகள் இருக்கின்றன. வரையறுக்கப்படும் சொல்லே ஜல்லிக்கட்டு. அந்தச் சொல்லின் இயல்பான பொருள் வரையறையைப் படிக்கும்போது முற்றிலும் மறைந்துவிடாது. பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட மூன்றும் மனிதர் காளையோடு மோதுகிற, அல்லது காளையை அவிழ்த்துவிடுகிற விளையாட்டுகள். வண்டியில் பூட்டி ஓட்டும் பந்தயம் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. இவற்றைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு: மகாராட்டிரமும் கர்நாடகமும் அதே காலத்தில் கொண்டுவந்த திருத்தங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் பெயராலேயே சுட்டப்பட்டிருக்கிறது, தமிழ்நாட்டின் வாசகத்தில் அந்தப் பெயர் இல்லை. தவிரவும், விலங்கைக் காக்கும் பொதுச் சட்டத்துக்கு இது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை இறுக்கமாகப் படிப்பதே வழக்கம்.

என் கருத்தில், இந்த நிலையில் ஒரு விழாக் குழு செய்யத் தக்கது, வரையறையின் முதல் பாதியை நம்பிப் பந்தயத்தை நடத்திவிட்டுப் பிறகு வாதாடுவது அன்று. நாளையும் இடத்தையும் அரசு அறிவிக்கை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இரு வாதங்களுக்கும் பொதுவானது என்பதால், முன்கூட்டியே மனு கொடுத்து அறிவிக்கையைக் கேட்பதே சரியான வழி. காங்கேயம் காளையின் மீது அன்பு உள்ளவர்கள் இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பொது உட்பிரிவுகள் சட்டம்: இரண்டில் எது?

இந்தப் பெயரில் நமக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு சட்டங்கள். மத்தியச் சட்டங்களைப் படிக்க 1897-ஆம் ஆண்டின் 10-ஆவது மத்தியச் சட்டம். மாநிலச் சட்டமன்றம் இயற்றியவற்றைப் படிக்க 1891-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது உட்பிரிவுகள் சட்டம். அரசமைப்புச் சட்டத்தையே பொருள்கொள்ள, அதன் 367-ஆவது உறுப்பு மத்தியச் சட்டத்தைச் சுட்டுகிறது. இரண்டின் கருத்துகள் பெரிதும் ஒத்திருந்தாலும் பிரிவு எண்கள் ஒத்திருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு சட்டம் இரத்தானால் என்ன நேரும் என்பது மத்தியச் சட்டத்தில் 6-ஆவது பிரிவு, மாநிலச் சட்டத்தில் 8-ஆவது பிரிவு. ஆகவே எண்ணை மனப்பாடம் செய்யாமல் பிரிவின் தலைப்பைப் பார்த்துத் தேடுவது பாதுகாப்பானது. சொத்துவரி வழக்கில் மத்தியச் சட்டத்தின் பிரிவைக் காட்டினால் கருத்து சரியாக இருந்தாலும் மேற்கோள் தவறாகிவிடும்.

இந்தச் சட்டங்களில் நமக்கு அடிக்கடி தேவைப்படும் சொற்கள் சில. ‘நபர்’ என்பதில் தனி மனிதர் மட்டுமின்றி நிறுவனமும், சங்கமும், பதிவு பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதர்களின் கூட்டமைப்பும் அடங்கும். ஆகவே கோயில் விழாக் குழுவுக்கும், பதிவு செய்யாத பாசனச் சங்கத்துக்கும் ‘நபர்’ என்ற சொல்லின் கீழ் அறிவிப்பு வரலாம். ஆண்பாற் சொல் பெண்பாலையும், ஒருமை பன்மையையும் உள்ளடக்கும். ‘மாதம்’ என்பது ஆங்கில நாட்காட்டி மாதம். ஆடிப் பதினெட்டில் தொடங்கித் தமிழ் மாதக் கணக்கில் குத்தகை பேசுவது நம் பழக்கம்; ஒப்பந்தத்தில் அது செல்லலாம், ஆனால் சட்டம் ‘மூன்று மாதம்’ என்று சொன்னால் அது நாட்காட்டி மாதம்தான். மூன்று மாதமும் 90 நாளும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கால எல்லையைக் கணக்கிடுவதில்தான் மக்கள் மிகுதியாக இழக்கிறார்கள், எனவே அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ‘இந்த நாளிலிருந்து 30 நாளுக்குள்’ என்று சட்டம் சொன்னால், அந்த முதல் நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2024 ஜூன் 14 அன்று உத்தரவு கையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15 முதல் நாள். ஜூன் 30 பதினாறாவது நாள். ஜூலை 14 முப்பதாவது நாள். அந்த ஜூலை 14 ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் மூடியிருந்தது, ஆகவே ஜூலை 15 திங்களன்று மேல்முறையீட்டைக் கொடுத்தாலும் அது காலத்துக்குள் கொடுத்ததே. மாதக் கணக்கு என்றால் நாள்களை எண்ணாமல், அடுத்த மாதத்தின் அதே தேதியைப் பார்க்க வேண்டும். ஜூன் 14-லிருந்து ஒரு மாதம் ஜூலை 14-இல் முடியும். ஜனவரி 31-லிருந்து ஒரு மாதம், அந்தத் தேதி பிப்ரவரியில் இல்லாததால், பிப்ரவரியின் கடைசி நாளில் முடியும். காலவரையறைச் சட்டம், 1963 பொருந்தும் இடங்களில் அதன் சொந்த விதிகளையே பின்பற்ற வேண்டும். எப்படி இருந்தாலும் உத்தரவு கிடைத்த நாளை அதன் மேலேயே எழுதிக் கையொப்பமிட்டு, உறையையும் பத்திரப்படுத்துங்கள். உரிய முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பப்பட்ட அறிவிப்பு, வழக்கமாகப் போய்ச்சேரும் காலத்தில் சேர்ந்ததாகவே கருதப்படும் என்பது மத்தியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. சேரவில்லை என்பதை நிறுவும் சுமை நம்முடையதாகிவிடும்.

தூரத்தை அளப்பதற்கு மத்தியச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்லும் விதி, மேடு பள்ளத்தைக் கணக்கில் எடுக்காமல் கிடைமட்டத்தில் நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்பது. ஆனால் வேறு கருத்துத் தோன்றினாலன்றி என்ற நிபந்தனை அதற்கும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் மதுக்கடை விதிகளில் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் என்று பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் இடைவெளி சொல்லப்பட்டிருக்கிறது. இத்தகைய விதிகளில், எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரை, எந்தப் பாதையில் அளப்பது என்று விதியின் விளக்கப் பகுதியே கூறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கூறினால் பொது விதிக்கு அங்கே வேலையில்லை. நொய்யல், பவானி போன்ற ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த தொழிற்சாலைகள் கூடாது என்ற 1989-ஆம் ஆண்டு அரசாணை 213-ஐப் படிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அளவு தொடங்குவது எங்கே என்பதை ஆணையின் வாசகத்திலேயே தேட வேண்டும்.

அசையாச் சொத்து என்ற சொல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக் குத்தகைகளில் குழப்பம் தருகிறது. மத்தியப் பொது உட்பிரிவுகள் சட்டப்படி நிலம், நிலத்திலிருந்து எழும் பயன்கள், மண்ணோடு பிணைந்தவை ஆகியவை அசையாச் சொத்து. இதன்படி தென்னை மரம் அசையாச் சொத்தாகிறது. ஆனால் பதிவுச் சட்டம், 1908 தனக்கென வேறு வரையறை வைத்திருக்கிறது. அதில் மரத்திலுள்ள காயும் கனியும், மரத்தின் சாறும்கூட அசையும் சொத்து. ஆகவே காய் பறிக்கும் உரிமை மட்டும் கொடுக்கும் எழுத்தையும், தோப்பையே ஒப்படைக்கும் குத்தகையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. தனிச் சட்டத்தின் வரையறை இருக்கும்போது பொது வரையறை பின்வாங்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நம் மண்ணில் இல்லை.

சட்டம் இரத்தான பின்பும் தொடர்பவை

ஒரு சட்டம் இரத்தாகிவிட்டது என்று கேட்டதும், அதன் கீழ் நடந்தவை யாவும் அழிந்துவிட்டன என்று எண்ணிவிடக் கூடாது. வேறு கருத்து வெளிப்பட்டாலன்றி, பழைய சட்டத்தின் கீழ் ஏற்கெனவே நடந்தவை, பெற்ற உரிமைகள், ஏற்பட்ட கடப்பாடுகள், விதித்த தண்டங்கள், நிலுவையிலுள்ள நடவடிக்கைகள் ஆகியவை இரத்தினால் பாதிக்கப்படுவதில்லை. எனவே 2023 ஏப்ரல் 13-க்கு முன் எழுந்த வரிப் பாக்கி அந்த நாளோடு மறைந்துவிடவில்லை; அன்று நிலுவையில் இருந்த நம் மேல்முறையீடும் மறைந்துவிடவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது புதிய சட்டத்தின் கடைசியில் உள்ள இரத்தும் காப்பும் என்ற பிரிவை. அது தனியாக ஏதேனும் சொல்லியிருந்தால், பொது விதி அதற்கு வழிவிடும்.

பதவிகளின் பெயர்கள் மாறினாலும் அதிகாரம் அந்தரத்தில் தொங்குவதில்லை. 1980-இல் வருவாய் வாரியம் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் கர்ணம், மணியகாரர் பதவிகளும் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பழைய ஆவணத்தில் அந்தப் பெயர்கள் இருந்தால், அந்தப் பணி இன்று யாரிடம் இருக்கிறதோ அவரைக் குறிப்பதாகவே படிக்க வேண்டும். மாவட்டப் பெயர்களுக்கும் இதே கவனம் தேவை. 1979-இல் கோவை மாவட்டத்திலிருந்து பெரியார் மாவட்டம், பின்னாளின் ஈரோடு, பிரிந்தது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தது. ஒரு பழைய அறிவிக்கை ‘கோயம்புத்தூர் மாவட்டம்’ என்று சொன்னால், அது வெளியான நாளில் அந்தப் பெயர் குறித்த நிலப்பரப்பு எது என்று பார்க்க வேண்டும். மாவட்டம் பிரிந்ததாலேயே அறிவிக்கை தானாக விலகிவிடுவதில்லை.

மாநில எல்லையே மாறிய கொள்ளேகாலம் வேறு வகை. 1956 நவம்பர் 1 அன்று கோவை மாவட்டத்தின் கொள்ளேகாலம் வட்டம் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. அன்று நடைமுறையிலிருந்த சட்டங்கள், உரிய சட்டமன்றம் மாற்றும் வரை அந்தந்த நிலப்பரப்பில் தொடரும் என்று மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு கூறியது. தாளவாடிப் பக்கத்தில் அந்த நிலத்தோடு இன்னும் தொடர்புள்ள குடும்பங்கள், 1956-க்கு முந்தைய பத்திரத்தை மெட்ராஸ் சட்டத்தோடும், பிந்தைய விவகாரத்தைக் கர்நாடகச் சட்டத்தோடும் வைத்துப் படிக்க வேண்டும். அங்கே பொருந்துவது 1899-ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது உட்பிரிவுகள் சட்டம்.

வாக்கியத்தைப் படிக்கும் முறை

வரையறைகள் தெளிந்தபின் பிரிவின் வாக்கியத்துக்கு வரலாம். ‘வேறு எதில் என்ன சொல்லப்பட்டிருந்தபோதிலும்’ என்று தொடங்கும் பிரிவு மற்றவற்றின் மேல் நிற்கும். ‘இன்ன பிரிவுக்கு உட்பட்டு’ என்று தொடங்கும் பிரிவு அதன் கீழ் நிற்கும். வரம்புரை, அதாவது ஒரு விதியோடு நிபந்தனையாகச் சேர்க்கப்படும் வாசகம், தான் ஒட்டியிருக்கும் விதியிலிருந்து ஒரு பகுதியை விலக்குவதற்கு வருகிறது; அதிலிருந்து புதிய உரிமையை உருவாக்க முயலக் கூடாது. ‘வேண்டும்’ என்பது பொதுவாகக் கட்டாயம், ‘லாம்’ என்பது விருப்புரிமை. ஆயினும், குடிமகனின் உரிமையை நிறைவேற்றுவதற்காக அலுவலருக்கு ஓர் அதிகாரம் தரப்பட்டிருந்து, நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால், ‘லாம்’ என்பதும் கடமையாகப் படிக்கப்பட்டதுண்டு.

பட்டியலின் முடிவில் ‘வேறு எதுவும்’ என்று வந்தால், அது பட்டியலில் உள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்ததையே குறிக்கும். எடுத்துக்காட்டுக்கு, ‘ஆடு, மாடு, எருமை அல்லது வேறு விலங்கு’ என்று ஒரு சந்தை விதி இருந்தால், கூண்டுக்கிளி அதற்குள் வராது என்று வாதிட இடமுண்டு. வரையறையே இல்லாத சொல்லுக்கு, அந்தப் பொருளை வாங்கி விற்கும் மக்கள் என்ன பொருளில் பேசுகிறார்களோ அதுவே பொருள். வெற்றிலை செடியியல்படி இலைக்கறியாக இருக்கலாம்; ஆனால் விற்பனைவரிச் சட்டத்தின் ‘காய்கறி’ என்ற சொல்லுக்குள் அது வராது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் கூறியதற்குக் காரணம் இந்த விதிதான். வரி விதிக்கும் பிரிவில் ஐயம் எழுந்தால் பயன் வரி செலுத்துபவருக்கு. வரிவிலக்கு அறிவிக்கையில் ஐயம் எழுந்தால் பயன் அரசுக்கு என்று 2018-இல் அரசமைப்பு அமர்வு வகுத்தது. விலக்குக் கேட்பவர் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் பொதுப்பட்டியலில் (இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொருள்களின் பட்டியல்) ஒன்றுக்கொன்று முரண்பட்டால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் மேலோங்கும். ஒப்புதல் இல்லையென்றால் மத்தியச் சட்டமே மேலோங்கும். இது 254-ஆவது உறுப்பு.

மனுவில் எழுதும் விதம்

இவ்வளவையும் மனுவில் கொண்டுவர ஒரு பத்தி போதும். ‘என் கட்டடத்துக்கான வரி உத்தரவு இன்ன நாளிட்டது, அன்று நடைமுறையிலிருந்தது இன்ன சட்டம், அதன் இன்ன பிரிவில் இந்தச் சொல் இவ்வாறு வரையறுக்கப்பட்டுள்ளது, அதில் வரையறுக்கப்படாத இன்ன சொல்லுக்கு 1891-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் இன்ன வரையறை பொருந்தும், உத்தரவு எனக்குக் கிடைத்தது இன்ன நாளில், ஆகவே இம்மேல்முறையீடு காலத்துக்குள் வந்துள்ளது’ என்று வரிசையாக எழுதுங்கள். வரையறை அச்சான அரசிதழ்ப் பக்கத்தின் நகலையும், அதன்பின் வந்த திருத்தங்களின் நகலையும் இணையுங்கள். கோரிக்கையின் கடைசியில், இந்த வரையறையை ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை உத்தரவில் எழுத்தில் பதிவுசெய்யுமாறு கேளுங்கள். மனுவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தின் நகலில் அலுவலக முத்திரையும் நாளும் பெற்ற பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.